இருநூற்று நாற்பது கிராம்

"டீச்சர், இந்த ரெண்டுல எதை எடுத்துட்டு வரணும்?"

சங்கரலிங்கம் இதைக் கேட்பது அன்றைக்கு மூன்றாவது தடவை.

பலகை மேல் இரண்டு பனிக்கோடாலிகள் கிடந்தன. பனிமலை ஏறுகிறவர்கள் கையில் பிடித்துக்கொள்ளும் சின்னக் கோடாலிகள். ஒரு பக்கம் கூரான அலகு, மறுபக்கம் அகன்ற தகடு, கைப்பிடியின் அடியில் ஒரு குத்துமுனை. ஒன்று முழுக்க அலுமினியம். இருநூறு கிராம். இன்னொன்றின் தலை எஃகு. நானூற்று நாற்பது.

அவர் டீச்சர் என்று கூப்பிட்டது இசக்கியம்மாளை. பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைகளின் அடியில் ஒட்டுகிற பட்டைகளை அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். மலை ஏறும்போது கட்டை பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டைதான். உச்சிக்குப் போனதும் உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு மறுபக்கம் சறுக்கி இறங்கலாம்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருநூத்தி நாப்பது கிராம்," என்றார் சங்கரலிங்கம்.

"அது எவ்வளவு இருக்கும்?"

"இருநூத்தி நாப்பது கிராம்னா இருநூத்தி நாப்பது கிராம்தான்."

"எது அந்த எடை இருக்கும்னு கேக்கேன்."

அவர் யோசித்தார். மதுரையில் இருபத்தாறு வருஷம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தவர். எடைகள் அவருக்கு வேறு மாதிரித்தான் ஞாபகம் வரும்.

"ஒரு பொம்பளையோட இதயம் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்."

"அப்ப கனம்தான்," என்றார் டீச்சர். பட்டையைத் திருப்பிப் போட்டார்.

*

சங்கரலிங்கம் ஏன் இவரை டீச்சர் என்று கூப்பிடுகிறார் என்று கிராமத்தில் யாருக்கும் புரிந்ததில்லை. இசக்கியம்மாளுக்கு முப்பத்தேழு வயது. சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு.

இசக்கியம்மாளின் அப்பா நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சமையல்காரர். மலைமேல் முகாம்களிலேயே வேலை பார்த்தார். மகள் அங்கேயே வளர்ந்தாள். பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட கட்டைகளில் சறுக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு பயிற்சி, பிறகு பயிற்சி கொடுக்கும் வேலை. மணாலிக்கு மேலே ஒரு கிராமத்தில் ஓர் அறையும் ஒரு கொட்டகையும் எடுத்துத் தனியாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்துப் பன்னிரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அப்பாவின் தமிழ்தான் இன்னமும் அவர் வாயில் இருந்தது.

இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. காலையில் படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார். அதைப்பற்றிப் பேசமாட்டார்.

சங்கரலிங்கம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டவர். ஏன் விட்டீர்கள் என்று டீச்சர் முதல் நாளே கேட்டார். போதும் என்று தோன்றிவிட்டது என்றார் அவர். டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. போதும் என்று தோன்றிய ஆட்கள்தான் பெரும்பாலும் மலைக்கு வருகிறார்கள்.

வந்ததிலிருந்து அவர் எல்லாரையும்விடப் பின்தங்கினார். மூச்சுப் பயிற்சி செய்தார். அரிசியைக் குறைத்தார். அப்படியும் பின்தங்கினார். அதன்பிறகு குற்றம் சாமான்களில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தார். பையில் தொங்கிய வார்களை நறுக்கினார். ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியில் தைத்திருந்த துணிச்சீட்டைக்கூடப் பிரித்து எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சின்னத் தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

நோட்டில் பாக்கி இருந்தது கோடாலி மட்டும்தான்.

*

டீச்சர் பட்டைகளை விட்டுவிட்டு எழுந்தார். "ரெண்டையும் எடுத்துட்டு வாங்க," என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் ஓடை உறைந்து கிடந்தது. பாறைமேல் வழிந்த இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றிருந்தது. டீச்சர் அதைக் காட்டினார்.

சங்கரலிங்கம் அலுமினியக் கோடாலியை ஓங்கி அடித்தார். அது டங்கென்று எகிறியது. பனிக்கட்டிச் சில்லு ஒன்று தெறித்து அவர் உதட்டைக் கீறியது. மறுபடியும் அடித்தார். வெள்ளையாக ஒரு கீறல் மட்டும் விழுந்தது. அலகின் நுனி லேசாக மழுங்கிவிட்டது.

எஃகுக் கோடாலி முதல் அடியிலேயே இறங்கி நின்றது. பிடித்துத் தொங்கிப் பார்த்தார். தாங்கியது.

"அப்ப இதுதான்," என்றார், உதட்டைத் துடைத்துக்கொண்டே.

டீச்சர் அவரை ஓடைக்கு மேலே இருந்த சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய பனி இறுகிக் கிடந்தது. விழுகிற மாதிரி விழுந்து, கோடாலியால் நிறுத்திப் பாருங்கள் என்றார். சங்கரலிங்கம் இரண்டையும் வைத்து மாறிமாறி விழுந்தார். கவிழ்ந்து படுத்து, அலகைப் பனியில் அழுத்தி, அதன்மேல் நெஞ்சுப் பாரத்தைப் போட்டார். இரண்டுமே நிறுத்தின. கைப்பிடியைச் செங்குத்தாகக் குத்தினால் இரண்டுமே ஒரே ஆழம் போயின. லேசானதைச் சுழற்றுவது சுலபமாகக்கூட இருந்தது.

எழுந்து பனியைத் தட்டிக்கொண்டார்.

"பனிக்கு இது போதும். பாறை மாதிரி உறைஞ்ச இடத்துக்கு அது வேணும். சரி. நாம தாண்டப்போற கணவாய்ல எது இருக்கும்?"

"தெரியாது."

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"முப்பது இருக்கும்."

"முப்பது தடவை போயிட்டுத் தெரியாதா?"

"ஒவ்வொரு தடவையும் வேறல்லா இருந்துச்சு," என்றார் டீச்சர்.

அவருக்கு எரிச்சல் வந்தது. நீங்கள் வைத்திருப்பது எது, அதையாவது சொல்லுங்கள் என்றார். டீச்சர் தன் பையில் இருந்ததை உருவிக் காட்டினார். தலை லேசானது, அலகு மட்டும் எஃகு. கைப்பிடி முழுக்கக் கீறல். இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார் சங்கரலிங்கம்.

"கடையில அன்னைக்கு இருந்தது இதுதான்."

மாலையில் சங்கரலிங்கம் நோட்டை எடுத்து இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தார். முன்வாரம் ஏறிய ஏற்றத்தை நினைத்தார். டீச்சரும் தோர்ஜேயும் தூரத்தில் இரண்டு புள்ளியாக நின்று தனக்காகக் காத்துக்கொண்டிருந்ததை நினைத்தார். தோர்ஜே உள்ளூர்க்காரர், நாற்பது வயது. முன்னால் போய் பனியில் தடம் போடுவது அவர் வேலை. காத்திருந்ததற்காக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் சங்கரலிங்கத்துக்குத் தாங்க முடியவில்லை.

அலுமினியக் கோடாலியை எடுத்துப் பையின் பின்பக்கம் கட்டினார். டீச்சரிடம் போய்ச் சொன்னார்.

"சரி," என்றார் டீச்சர்.

ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். டீச்சர் முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

*

முதல் நாள் மரங்களைத் தாண்டி, ஆட்டுக்காரர்கள் கோடையில் தங்கும் கல்வீடு வரை ஏறினார்கள். சங்கரலிங்கம் கடைசியாக வந்து சேர்ந்தார். அவர் வருவதற்குள் தோர்ஜே பனியை உருக்கித் தேநீர் போட்டுவிட்டார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"நல்லா இருக்கேன்," என்றார் அவர்.

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். மத்தியானத்துக்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். வெயில் ஏறினால் மேலே இருக்கும் பனி இளகி, மொத்தமாகச் சரிந்து வரும். முந்தின ராத்திரி காற்று நன்றாக அடித்திருந்தது. வானம் சுத்தமாக இருந்தது.

தோர்ஜே முன்னால். அவருக்குப் பின்னால் டீச்சர். ரொம்பப் பின்னால் சங்கரலிங்கம்.

கட்டையைத் தூக்காமல் இழுத்து, இழுத்து. ஒரு காலுக்கு ஒரு மூச்சு. பிறகு ஒரு காலுக்கு இரண்டு மூச்சு. அவர் மூச்சை எண்ணினார். எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினார். பை லேசாகத்தான் இருந்தது. அவர் நறுக்கியது எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஆனாலும் தோள் அப்படியேதான் வலித்தது.

கணவாய்க்குச் சற்று கீழே ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் காற்று பனியைச் சுத்தமாக வழித்தெடுத்திருந்தது. சாம்பலும் நீலமுமாக மினுங்கியது. அந்த இடத்தில் கட்டைகளைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள் மாட்டி நடந்துதான் போக வேண்டும். எட்டி வைத்தால் நாற்பது எட்டு இருக்கும். அதற்குப் பிறகு மறுபடியும் நல்ல பனி.

சங்கரலிங்கம் பாறைக்கு வந்தபோது மற்ற இருவரும் இருபது நிமிஷமாக அங்கே நின்றிருந்தார்கள். தோர்ஜேயின் மீசையில் பனி உறைந்திருந்தது. டீச்சர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். இவரைப் பார்த்ததும் தோர்ஜே திரும்பி நடக்கத் தொடங்கினார். நின்று நின்று உடம்பு விறைத்திருக்க வேண்டும்.

கோடாலியைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரும் கிளம்பினார். இரும்புப் பல்லை மாட்டிக்கிட்டு வாங்க என்று மட்டும் சொன்னார்.

சங்கரலிங்கம் குனிந்து மாட்டினார். வார் விரலுக்குள் அடங்கவில்லை. மூன்றாம் தடவை அடங்கியது. கட்டைகளைப் பையில் கட்டினார். பையைத் தூக்கி ஒரு தோளில் போட்டு, இன்னொரு தோளை நுழைத்து, இடுப்பு வாரைப் பூட்டி நிமிர்ந்தபோது கண் இருட்டியது. பாறையில் கை வைத்து நின்றார்.

அப்போதுதான் கோடாலி முதுகில் இருப்பது ஞாபகம் வந்தது.

எடுக்க வேண்டுமானால் பையை மறுபடி இறக்க வேண்டும். கட்டைகள் அதன்மேல் குறுக்கே இருந்தன. அவற்றையும் அவிழ்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும். அவர்கள் இன்னும் ஐந்து நிமிஷம் நிற்பார்கள்.

டீச்சரைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லலாம். வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

நாற்பது எட்டு.

ஸ்கீக் கம்புகள் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சங்கரலிங்கம் தலையை ஆட்டினார். டீச்சர் திரும்பிக்கொண்டு நடந்தார்.

முப்பதாவது எட்டிலோ என்னவோ, வலது கம்பு நழுவியது. அவர் அதன்மேல் பாரம் போட்டிருந்தார். முட்டி தரையில் பட்டது. அதற்குப் பிறகு எதுவும் தன் கையில் இல்லை.

சத்தமே இல்லை. அதுதான் அவருக்குப் பின்னால் ஞாபகம் இருந்தது. துணி பனியில் உரசும் ஒலி மட்டும். நகத்தால் பிடிக்கப் பார்த்தார். முகம் உரசிக்கொண்டே போனது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்றும் தெரிந்தது. கவிழ்ந்து படு, அலகை அழுத்து, நெஞ்சை அதன்மேல் போடு. கை நெஞ்சுக்கு வந்தது. கையில் ஒன்றும் இல்லை.

இடது பக்கம் ஆயிரம் அடிக்குப் பள்ளம். வலது பக்கம் காற்று கொண்டுவந்து குவித்த மெத்தென்ற பனி. அவர் வலது பக்கம் போனார். அது அவர் செய்ததல்ல.

*

டீச்சர் இறங்கி வந்தபோது சங்கரலிங்கம் இடுப்புவரை பனிக்குள் கிடந்தார். கண் திறந்திருந்தது. கன்னத்தில் தோல் இல்லை. இடது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"மூச்சு விடும்போது வலிக்கா?"

"இல்லை."

"கால் அசையுதா?"

அசைத்துக் காட்டினார்.

டீச்சர் அவரைப் புரட்டிப் பையைக் கழற்றினார். அலுமினியக் கோடாலி கட்டியது கட்டியபடி முதுகில் இருந்தது. அலகின் நுனியில் மாட்டியிருந்த ரப்பர் உறைகூடக் கழலவில்லை.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

தூங்கும் பாயிலிருந்து ஒரு துண்டு அறுத்து, மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார் டீச்சர். அதற்குள் தோர்ஜேயும் திரும்பி இறங்கி வந்துவிட்டார். கணவாய்க்குப் போக முடியாது. தோர்ஜே ஏறின தடத்திலேயே சறுக்கி இறங்கி, ஊரிலிருந்து குதிரையைக் கூட்டிக்கொண்டு மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வருவது என்று முடிவாயிற்று. அவர் உடனே போனார். வளைவு வளைவாக இறங்கிப் பள்ளத்தில் மறைந்தார்.

மற்ற இருவரும் கல்வீட்டுக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. சங்கரலிங்கம் ஒரு கையை மார்போடு கட்டிக்கொண்டு, கட்டைகளைக் குறுக்கே வைத்து அங்குலம் அங்குலமாக வழுக்கினார். டீச்சர் அவருக்குக் கீழேயே இறங்கினார், விழுந்தால் தன்மேல் விழட்டும் என்பதுபோல. கடைசிச் சரிவில் டீச்சரே இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார்.

*

கல்வீட்டின் சுவரில் வெயில் விழுந்திருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மிச்சமிருந்த தேநீரைக் குடுவையிலிருந்து ஊற்றிக்கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

சங்கரலிங்கம் கேட்டார்.

"கனமானதை எடுத்துட்டு வந்திருந்தா?"

"அதுவும் முதுகுலதான் இருந்திருக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். கன்னம் விடவில்லை.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

அன்றைக்கு ஐந்தாவது ஆபரேஷன். முந்தின நாளும் தூங்கவில்லை. வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னார். நோயாளி நாற்பத்தொரு வயது ஆள். தறி மெக்கானிக். குடலில் ஒரு சின்ன ஆபரேஷன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மானிட்டர் காரணமில்லாமல் இரண்டு மூன்று தடவை கத்தியது. சத்தத்தை அணைத்து வைத்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடியது ஞாபகம் இல்லை.

திறந்தபோது மூச்சுக் குழாய் இணைப்பிலிருந்து கழன்றிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும். திரையில அப்புறம் பார்த்தேன்."

உடனே மாட்டிவிட்டார். எண்கள் மேலே ஏறின. தையல் போட்டுக்கொண்டிருந்த சர்ஜன் தலை நிமிரவில்லை. நர்ஸ் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். நடந்தார், சாப்பிட்டார். ஆனால் பேர்கள் மறந்துபோயின. மகளைக் கூப்பிட வாய் திறப்பார், பேர் வராது. ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ரத்தக்கொதிப்பாக இருக்கும் என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் இவரும் ஒருவர்.

"வீட்டுக்குப் போற அன்னிக்கு அவர் சம்சாரம், அந்தம்மா, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்னு சொன்னாங்க."

டீச்சர் தம்ளரைப் பனியில் கழுவினார். கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணாச்சி," என்றார்.

"சொல்லுங்க."

"நான் திரும்பிப் பார்த்தேன்லா, மேல."

"ஆமா."

"உங்க கையில கோடாலி இல்லைன்னு பார்த்தேன்."

சங்கரலிங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்கன்னு சொல்லியிருக்கணும். சொன்னா நான் திரும்பி இறங்கி வரணும். உங்க பையை இறக்கி, எடுத்துக் கையில குடுத்துட்டு, மறுபடி ஏறணும். முட்டி தீயா எரிஞ்சுது. இருபது எட்டுதான இருக்கு, போயிருவாருன்னு நினைச்சேன்." டீச்சர் நிறுத்தினார். "நினைக்கக்கூட இல்லை. களைப்பா இருந்துச்சு. திரும்பிக்கிட்டேன்."

கீழே எங்கோ பனி ஒரு கிளையிலிருந்து விழும் சத்தம் வந்தது.

சங்கரலிங்கம் தன் கட்டிய கையைப் பார்த்தார். விரல்கள் வீங்கி, தடித்து, வேறு யாருடையவோ போல இருந்தன. இடது பக்கம் ஆயிரம் அடி. அதை அவர் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தார். டீச்சரை நிமிர்ந்து முறைத்தார்.

"கோபம் வருதா?" என்று கேட்டார் டீச்சர்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. பரவாயில்லை டீச்சர், தப்பு என்னுடையது. அந்த வார்த்தைகள் தயாராக இருந்தன.

"வருது," என்றார்.

டீச்சர் தலையாட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பவில்லை. அவர் கோபமாகப் பார்த்த அத்தனை நேரமும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சரின் தோள் மெல்லத் தளர்ந்தது. யாரோ முதுகிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டது போல மூச்சு வெளியே வந்தது.

அதைச் சங்கரலிங்கம் பார்த்தார்.

பிறகு ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

"கீழ எங்க போனா போன் எடுக்கும்?"

"பாலத்துக்கிட்ட. மரத்தைத் தாண்டி." டீச்சர் அவரைப் பார்த்தார். "நம்பர் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு."

"அந்தம்மாதான் எடுப்பாங்களா?"

"அவங்கதான் எடுப்பாங்க."

"என்ன சொல்லுவாங்க?"

"தெரியாது," என்றார் சங்கரலிங்கம்.

வெயில் சுவரை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. தோர்ஜே குதிரையோடு கிளம்பியிருப்பார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் பையை மாட்டினார். சங்கரலிங்கத்தின் பையையும் எடுத்து நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டார். முன்னும் பின்னும் பையோடு நின்று கை நீட்டினார்.

"போவமா அண்ணாச்சி?"

சங்கரலிங்கம் நீட்டிய கையைப் பார்த்தார். டீச்சர் மறு கையால் சுவரைப் பிடித்தபடியே நின்றார்.

"முடியலை, டீச்சர்," என்றார். "ரொம்பக் களைப்பா இருக்கு."

டீச்சர் இரண்டு பையையும் இறக்கிக் கீழே வைத்தார்.

"எனக்கும்," என்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.